கள்ளிக் காயும் பழுப்புத் தொப்பியும்

அன்பு மருமகள் முள்ளுக்கு,

உன் தாய்மாமன் திடமான உடம்போடும் அதைவிடத் திடமான ஞாபகத்தோடும் எழுதுவது. நீயும், உன் ஜன்னலோரம் இருக்கும் சின்ன வெள்ளைச் செடியும் அந்தக் குளிர் ஊரில் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ பெட்டியை ஒரு கையிலும் செடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கினாயே, அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன், இந்த வீட்டில் அடுத்த சண்டையும் கள்ளிச்செடியால்தான் வரும் என்று. முதல் சண்டை வருமென்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அதையும் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை என்றேன். எழுந்து போய்விட்டாள். நான் முக்கியமான விஷயம் சொல்லும்போதெல்லாம் என் அக்கா எழுந்து போய்விடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் எனக்குப் பேச்சு நீண்டுவிடுகிறது. எழுதும்போது கை வலிப்பதால் கொஞ்சம் அடக்கமாக வரும்.

உன் அப்பாவுக்கு இந்த வருஷக் கடைசியோடு வேலை முடிகிறது. முப்பது வருஷமாக எடை இன்ஸ்பெக்டராகக் கடை கடையாகப் போய் எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்த மனுஷன். வீட்டில் கொடுக்கிற தண்ணீர் டம்ளரைக்கூட அடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார் என்பது உனக்கே தெரியும். மாடியில் இப்போது நூற்று நாற்பது கள்ளிச் சட்டி. நான் வெளியில் சொல்லும்போது ஐந்நூறு என்பேன், உனக்கு உண்மையைச் சொல்கிறேன். ஒவ்வொரு சட்டியையும் தராசில் வைத்து, கனம் குறைந்திருந்தால்தான் தண்ணீர். அந்தப் பழக்கம் மாறவில்லை. மாறினது ஐந்து வாரமாக அவர் மனுஷர்களையும் அப்படி எடை போட ஆரம்பித்ததுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வெள்ளை காய்த்திருக்கிறது.

ஆமாம், உன் அப்பாவுடையதுதான். ஃபிரிட்ஜுக்கு மேலே கண்ணாடி மூடி போட்டு நீங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு விதை முளைக்க வைத்து, இரண்டே இரண்டு பிழைத்ததே, அதில் ஒன்று. தலை முழுக்கப் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளை முடி. வருஷத்துக்கு ஒரு முறை, சட்டைப் பொத்தான் அளவில் நாலைந்து ரோஜா நிறப் பூ. உச்சி வெயிலில் விரியும், மூன்று மணிக்குள் சுருங்கிவிடும், மூன்றாம் நாள் காய்ந்துவிடும். அதோடு சரி. தன் பூவின் தூளைத் தனக்கே வைத்தால் அது காய்க்காது, வேறொரு விதையில் பிறந்த அதே ஜாதிச் செடியின் தூள் வேண்டும். மகரந்தம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நான் எட்டாவதோடு நின்றவன், தூள் என்பேன். இந்த ரகசியத்தை உன் அப்பாவுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவர் அதை மறுக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் சட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பஞ்சுக்குள்ளிருந்து மிளகாய்ப் பிஞ்சு மாதிரி சிவப்பாக ஒன்று எட்டிப் பார்ப்பதைக் கண்டார். சத்தம் போடவில்லை. என்னையும் உன் அம்மாவையும் மேலே கூப்பிட்டார். செடி கொசுவலைக்குள் இருக்கிறது, தேனீ நுழைய வழியில்லை. வலையின் முடிச்சு அவர் போடுகிற முடிச்சு இல்லையாம், வேறு மாதிரி இருக்கிறதாம். யாரோ ஒரு ஆள் கை வைத்திருக்கிறான் என்றார். உன் அம்மா துணி காயப்போட வந்ததைத் தவிர எதுவும் தெரியாது என்றாள். அப்போதுதான் நான் சொன்னேன்.

"மச்சான், நான் பார்த்தேன். பூ பூத்திருந்த சமயம், நடு மத்தியானம். பழுப்புத் தொப்பி போட்ட ஒருத்தன் வலைக்குள்ள தலையை விட்டுக் குனிஞ்சிருந்தான். உங்க சிநேகிதர் யாரோன்னு நினைச்சு விட்டுட்டேன்."

என் பூட்டுக் கடையிலிருந்து உங்கள் மாடி தெரியாதே என்று நீ கேட்பாய். கடைக்குள்ளிருந்து தெரியாதுதான். நான் டீ குடிக்க எதிர்ப்பக்கம் போயிருந்தேன்.

பழுப்புத் தொப்பி என்றதும் உன் அப்பா முகம் எப்படி ஆனது தெரியுமா? பூட்டில் தப்புச் சாவி போய் நடுவில் நின்றுவிட்ட மாதிரி. இந்த ஊரில் வெள்ளை ஜாதிச் செடி வைத்திருக்கிறவர் இன்னும் ஒரே ஒரு ஆள். அவரிடம்தான் பழுப்புத் தொப்பி இருக்கிறது. கண்ணாடிக்கடைக்காரர்.

உனக்கு அவரை நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, உன் அப்பாவோடு மாடியில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர். உன் அப்பாவோடு அவ்வளவு நேரம் சண்டை வராமல் உட்கார்ந்த ஒரே மனுஷன். போன வருஷம்தான் வெளியூரிலிருந்து ஒரு வெள்ளையை வரவழைத்தார். அது சீக்காளிச் செடி, பூ சரியாகப் பிடிப்பதில்லை. உன் அப்பாவின் கணக்கு இதுதான்: ஆள் இல்லாத நேரம் பார்த்து மேலே ஏறி, இங்கிருந்து தூளைத் திருடிக்கொண்டு போயிருக்கிறான். தூரிகையில் ஒட்டியிருந்த அவன் செடித் தூள் இங்கே விழுந்து காய்த்துவிட்டது. திருடன் போகும்போது செருப்பை விட்டுப் போனது மாதிரி, காயை விட்டுப் போயிருக்கிறான்.

கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பார். அன்றைக்கு எனக்கே பிரமிப்பாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். உன் அப்பா வாசலிலேயே நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள் என்றார். அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எதுக்காகன்னு சொல்லிட்டாவது சந்தேகப்படுங்க சார்" என்றார். உன் அப்பா கதவைச் சாத்தினார். பூதக்கண்ணாடி கொண்டுவந்த பை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. திரும்பவும் திறந்து, பையை விடுவித்து, திரும்பவும் சாத்தினார்.

அதற்குப் பிறகு இந்த வீடு வீடாக இல்லை. மாடிக் கதவுக்கு மூன்று பூட்டு. மூன்றும் என் கைவேலைதான். இந்த ஊரில் என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று நான் பெருமையாகச் சொன்னது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து என்னையும் ஒரு மாதிரி பார்க்கிறார். சாவி மூன்றும் அவர் சட்டைப் பையில், ஊக்கு குத்தி. ஒவ்வொரு சட்டியைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம். தண்ணீர் கேன் போடுகிறவன் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினால், ஏன் அங்கே நிற்கிறாய் என்கிறார். மீட்டர் பார்க்க வந்தவனிடம் அடையாள அட்டை கேட்டு, அதில் இருக்கும் மீசை இப்போது எங்கே என்று விசாரித்தார். உன் அம்மா கடைக்குப் போய் வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்றுகூடப் பார்க்கிறார் போலிருக்கிறது. அவள் துணியெல்லாம் சமையலறை ஜன்னல் கம்பியில் காய்கிறது.

காயை அவர் பறிக்கவில்லை. சாட்சிப் பொருளாம். எறும்பு இழுக்காமலிருக்க டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அது பழுத்து உலர்ந்துகொண்டே வருகிறது.

என் தொப்பிக்காரன் விஷயமும் கொஞ்சம் வளர்ந்துவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள், சொன்னேன். ஆள் என்ன உயரம் என்றார்கள், சொன்னேன். இடது கையால் தூரிகை பிடித்திருந்தான், பக்கத்தில் சின்னத் தகர டப்பா வைத்திருந்தான் என்பதெல்லாம் பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நல்ல ஞாபகசக்திக்கு அதுதான் அடையாளம்.

இப்போது சங்கத்துக்குப் போயிருக்கிறது. கள்ளி வளர்க்கிறவர்கள் பதினோரு பேர் சேர்ந்து வைத்திருக்கிறார்களே, அதே சங்கம்தான். நீ அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பாய். நீ கிளம்பின வருஷம் அவர்கள் கண்காட்சியில் நடந்ததை நான் கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தக் கடிதத்துக்கு அது வேண்டியிருக்கிறது. சொந்த வேரில் வளர்ந்த செடிகளுக்கான வரிசையில், உன் அப்பா ஒட்டுக்கட்டின செடியைக் கொண்டுபோய் வைத்தார். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் மேலே சரளைக்கல்லை நிரப்பியிருந்தார். ஊரெல்லாம் எடைக்கல்லில் ஓட்டை தேடுகிற மனுஷன். கோப்பையை அவர் கையில் கொடுக்கப்போகும் நேரத்தில் நீ நேரே போய், விரலால் சரளையை விலக்கிக் காட்டினாய். அன்றைக்குச் செத்துப்போன பேச்சுதான், மூன்று வருஷமாக உங்களுக்குள் இன்னும் எழவில்லை. நீ செய்தது சரியா தப்பா என்று நான் சொல்லமாட்டேன். உன் அப்பாவும் சொன்னதில்லை. அவள் பேச்சு வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு சங்கக் கூட்டம். கண்ணாடிக்கடைக்காரரை நீக்க வேண்டும் என்று உன் அப்பா இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். கீழே, நேரில் பார்த்த சாட்சி என்று என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. வெயிலில் சரியாகத் தெரியாமலும் இருந்திருக்கலாம் என்று நான் மெல்ல இழுத்துப் பார்த்தேன். "சாட்சி பல்டி அடிக்கக் கூடாது மாப்பிள்ளை. நாளைக்கு உன்னை யார் நம்புவாங்க?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். உன் அப்பா என்னை நம்பித் தோளில் தட்டினது இருபத்தெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

போன வாரம் உன் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தொப்பிக்காரன் எப்படி இருந்தான், திரும்ப ஒரு தடவை சொல்லு என்றாள். சொன்னேன். உயரம், இடது கை, தகர டப்பா, எல்லாம். கழுத்தில் ஒரு மரு இருந்ததையும் அப்போதுதான் சேர்த்துச் சொன்னேன். கடைசி பீன்ஸ் வரைக்கும் நறுக்கி முடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பூ பூத்த மூணு நாளும் மத்தியானம் மாடியில நான்தான்டா இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மா வீட்டு விலாசத்துக்கு நீ கடிதம் போடுவது, மூன்று வருஷமாக இவள் ஜாக்கெட் தைக்கப் போகிற சாக்கில் வாங்கி வருவது. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது பார். (இத்தனை ஜாக்கெட் எதற்கு என்று ஒரு சந்தேகம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.) உன் சின்ன வெள்ளை பூத்தபோது, அதன் தூளை உலர்த்தி, மாத்திரை உறைக்குள் அடைத்து, கடிதத்தோடு வைத்து அனுப்பினாயாம். இவள் அதை ஃபிரிட்ஜில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்து, இங்கே பூ விரிந்ததும் மை தீட்டுகிற தூரிகையால் தொட்டு வைத்தாளாம். அப்பா ரிடையர் ஆகிறதுக்கு என் கையால் ஒன்று கொடுக்க வேண்டும், வேறெதுவும் வாங்கமாட்டார் என்று எழுதியிருந்தாயாம். காயைப் பார்த்தால் அவருக்கே புரியும், அதற்கு ஜோடி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தாயாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அவன் உனக்கு முன்னாடியே வந்துவிட்டுப் போயிருப்பான்க்கா என்றேன். உன் அம்மா எழுந்து போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் எழுந்து வந்தேன்.

அவள் உன் அப்பாவிடம் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். சொன்னால் மூன்று வருஷக் கடிதமும் வெளியே வரும். வீட்டுக்குள்ளேயே மறைவாக ஒரு கள்ள எடைக்கல் இருந்தது என்று அவருக்கு ஆகிவிடும். சந்தேகம் இப்படி உச்சியில் இருக்கிற நேரத்தில் அவளுக்குத் தைரியம் வரவில்லை. ராத்திரி சாப்பாட்டில் உப்பு கூடியிருந்தால்கூட யார் போட்டது என்று கேட்கிறார்.

நேற்று கண்ணாடிக்கடைக்காரர் என் கடைக்கு வந்தார். ஐந்து வாரமாக அந்த மனுஷன் தொப்பி போடுவதில்லை, அந்த வெயிலில் வழுக்கைத் தலையோடு நடக்கிறார், தலை செங்கல் நிறத்தில் வெந்துபோயிருக்கிறது. ஷோகேஸ் பூட்டு இறுகிவிட்டது என்று கொண்டுவந்திருந்தார். எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். போகாமல் நின்றார். காகிதப் பையிலிருந்து தொப்பியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, நீங்கதான் நேர்ல பார்த்தவர். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இதுதான்னு நீங்க சொன்னா, என் தொப்பியைப் போட்டுக்கிட்டு யார் போனாங்கன்னு நான் விசாரிக்கிறேன். சார் பொய் சொல்லமாட்டார், நீங்களும் சொல்லமாட்டீங்க."

நிறம் சரியாக ஞாபகமில்லை என்றேன். யோசித்துச் சொல்லுங்கள், இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். சாவி மாட்டுகிற ஆணியில் மாட்டியிருக்கிறேன். சாவி கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். இந்தக் கடிதம் எழுதும்போது அது என் தலைக்கு நேரே தொங்குகிறது.

ஆகையால் முள்ளு, நீ ஒரு காரியம் செய். இந்தக் கடிதம் உன்னிடம் வர எட்டு நாள், உன் பதில் இங்கே வர எட்டு நாள், கூட்டத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. தையல்காரம்மா வீட்டுக்கு எழுதாதே. நேரே உன் அப்பா பெயருக்கு, வீட்டு விலாசத்துக்கு, உன் கையெழுத்தில் எழுது. உறையின் மேலே உன் எழுத்தைப் பார்த்தாலே பிரிப்பார். அந்தத் தூள் என்னுடையது என்று போடு, அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டியதில்லை. யார் கையால் வைத்தது என்பதை அவர் கேட்கும்போது உன் அம்மா சொல்லிக்கொள்ளட்டும், அதற்குள் அவளுக்கும் கொஞ்சம் தெம்பு வந்துவிடும். நான் சொன்னால் இதையும் ஒரு கதை என்பார். இந்தக் குடும்பத்தில் நீ சொன்னால்தான் உண்மை என்று எல்லோருக்கும் தெரியும், உன்னோடு பேசாதவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் செடி நன்றாக இருக்க வேண்டும். அந்தக் காய் உதிர்ந்து எறும்பு தூக்கிக்கொண்டு போவதற்குள், ஃபிரிட்ஜுக்கு மேலே கண்ணாடி மூடிக்குக் கீழே திரும்ப விதை போட உனக்கு லீவு கிடைக்க வேண்டும். இதெல்லாம் உன் மாமனின் ஆசீர்வாதம். என் ஆசீர்வாதம் பலிக்கும் என்று ஊரே சொல்லும். சரி, ஊர் சொல்லாது, நான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் உறையை ஒட்டிவிட்டேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை காயைக் காட்டினபோது, யாரோ ஆள் கை வைத்திருக்கிறான் என்று உன் அப்பா சொன்னது முதலில் இல்லை, நான் தொப்பியைச் சொன்ன பிறகுதான்; மேலே வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். முதலில் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கு ஜோடி ஒண்ணுதானே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரின் மூலையைப் பார்த்தார். உன் சட்டி இருந்த இடம். சட்டியின் ஈர வட்டம் சிமென்டில் கறையாக இன்னும் இருக்கிறது. நூற்று நாற்பது சட்டிக்கு இடம் போதாமல் திண்டாடுகிறார், அந்த வட்டத்தின் மேல் இன்றுவரைக்கும் ஒன்றையும் வைத்ததில்லை. அங்கே பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார். உன் பெயரைத்தான் சொல்லப்போனார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு, அவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

மாடியில் நான் யாரையும் பார்க்கவில்லை, முள்ளு. தொப்பியும் இல்லை, ஆளும் இல்லை. அந்த மூன்று நாளும் நான் கடையை விட்டு வெளியே வரவே இல்லை.

உன் மாமா